கடைமடைக்கு முதல் முறை

மகாராஜா காலத்தில் என் கணவர் திருவனந்தபுரத்துச் சட்டசபையில் ஒரே ஒரு தவணைதான் உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில் அவர் பேசிய பேச்சுகளில் பெரும்பாலானவற்றை எங்கள் வீட்டுப் பத்தாயத்தின் மேல் ஏறி உட்கார்ந்துதான் நான் கேட்டேன். நெல் கொட்டி வைக்கும் அந்தப் பெரிய மரப்பெட்டிதான் எங்கள் வீட்டில் சபைத் தலைவரான திவானின் ஆசனம். எப்படி அங்கே போய் ஏறினேன் என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய குணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அவருக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. உழவு மும்முரமாக நடக்கிற வாரத்தில் யாராவது வந்து காளைகளைக் கேட்டால் கொடுத்துவிட்டு, எங்கள் வயல் வரப்பில் நின்று வானத்தைப் பார்ப்பார். எலக்‌ஷனில் நின்றதும் அப்படித்தான். தோவாளைப் பக்கத்துப் பெரிய மனிதர்கள் நான்கு பேர் வந்து "நீங்கதான் நிக்கணும்" என்றார்கள். மறுக்கத் தெரியாததால் நின்றார். எதிராளிக்கு அவரைவிடக் கெட்ட பெயர் இருந்ததால் ஜெயித்தார்.

அப்போது எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. நிலவரி இவ்வளவு என்று கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. ஆனால் எங்கள் நாஞ்சில் நாடு அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் வரி கட்டுவது பெண்ணாக இருந்தாலும் ஓட்டு உண்டு. தாய்வழியில் வந்த வயல் என் பேரில் இருந்ததால் பட்டியலில் என் பெயரும் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

மலையடிவாரத்திலிருந்து வரும் கால்வாயின் தொடக்கத்தில் இருந்தது எங்கள் ஊர். தலைமடை. தண்ணீர் முதலில் எங்கள் வயலில் ஏறும். எங்களுக்கு நிறைந்த பிறகுதான் அடுத்த ஊர், அதற்குப் பிறகு அடுத்தது. கடைசியாக மயிலாடிப் பக்கத்தில் போய்ச் சேரும்போது கால்வாயில் ஈரம்தான் மிஞ்சும். மாசியில் அறுக்கிற கும்பப்பூ நெல்லுக்கு வடகிழக்கு மழை கைகொடுக்கும், பிழைத்துக்கொள்வார்கள். புரட்டாசியில் அறுக்கிற கன்னிப்பூவில்தான் கஷ்டம். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றுக்குக் கடைமடைப் பயிர் நாலே நாளில் சுருண்டுவிடும்.

ஓட்டுக் கேட்டு அலைந்த நாட்களில் அந்தக் கடைமடையிலிருந்து ஒரு பெண்மணி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். புருஷன் இல்லை, தன் பேரில் உள்ள வயலைத் தானே நின்று பார்க்கிறவர். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணாச்சி, எனக்கு ஓட்டு உண்டு. தாறேன். எனக்கு ரோடும் வேண்டாம், பாலமும் வேண்டாம். கன்னிப்பூவுக்கு எங்க மடைக்கு முதல்ல தண்ணி விடச் சொல்லணும். எல்லாரும் எடுத்த பொறவு மிச்சம் இருந்தா உங்களுக்குன்னு சொன்னா, மிச்சம் எங்க இருக்கு?"

"கேக்கேன். கட்டாயம் கேக்கேன்" என்றார் இவர். வேறு என்ன சொல்லியிருப்பார்?

முதல் முறை கடைமடைக்குப் போனால் எங்கள் வயலுக்குக் கடைசி முறைதான் என்பது உள்ளே மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்த எனக்கு அப்போதே தெரியும். எலக்‌ஷன் பேச்சுதானே என்று விட்டுவிட்டேன்.

ஜெயித்த பிறகு நாகர்கோவிலில் ஒரு கோட்டுத் தைத்தோம். வெறும் மேலில் துண்டோடு திரிந்த மனிதர் அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது எங்கள் நாய் குரைத்தது. தலைப்பாகை கட்டப் பழகுவதற்கு மட்டும் ஒரு வாரம் ஆயிற்று. எப்படிப் பேச வேண்டும் என்று கேட்க, பழைய காலத்துச் சபையில் இருந்த ஒரு பெரியவரிடம் போனார். அந்தப் பழைய சபையில் ஓட்டெடுப்பு எதுவும் இல்லை. ஊருக்கு ஒருவராகப் போய், மகாராஜாவை வாழ்த்தி, திவானுக்கு நன்றி சொல்லி, தங்கள் சங்கடத்தை உணர்த்திவிட்டு வர வேண்டியதுதான். பெரியவர் அதையே சொல்லிக்கொடுத்தார். சபை அதற்குள் மாறிவிட்டது, இப்போது எழுதிக் கொடுக்கிற தீர்மானத்தை ஓட்டுக்கே விடச் சொல்லலாம் என்பது இருவருக்கும் உறைக்கவில்லை.

அதோடு எங்கள் நாஞ்சில் நாட்டுப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. இங்கே ஒரு வீட்டுக்கு ஒரு காரியமாகப் போனால், காரியத்தை முதலில் சொல்வது மரியாதை இல்லை. வீட்டாரின் சுகம், மாட்டின் சுகம், மழை, பெண்ணுக்கு வரன் எல்லாம் விசாரித்து முடித்து, "அப்போ நான் வாறேன்" என்று படியிறங்கி, செருப்பில் கால் நுழைக்கும்போது "இன்னொரு காரியம்..." என்று இழுப்போம். அவர்கள் "பாப்போம்" என்றால் அதற்குமேல் ஒரு சொல் பேசக் கூடாது. பேசினால் இரண்டு தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள்.

என் கணவர் இந்தப் பழக்கத்தை அப்படியே மூட்டை கட்டித் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்.

தை மாதக் கூட்டம் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியவரின் முகம் மலர்ந்திருந்தது. கோட்டை வாங்கி மடித்துக்கொண்டே கேட்டேன்.

"தண்ணிக் காரியம் என்ன ஆச்சு?"

"நல்ல மனுசங்க, கேட்டியா. நான் மகாராஜாவை வாழ்த்தி, அந்த வருசத்து மழையைச் சொல்லி, திருவனந்தபுரத்து ரோடெல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லி, தண்ணிக்கு வந்தேன். அதுக்குள்ள மணி அடிச்சாச்சு."

"பொறவு?"

"எழுதிக் குடுத்த தீர்மானம் அவங்க கையில இருந்துதுல்லா. அதுக்குப் பதில் சொன்ன அதிகாரி, 'அரசாங்கம் அனுதாபத்தோடு கவனிக்கும்'னு சொன்னாரு. வாபஸ் வாங்குகியளான்னு தலைவர் கேட்டாரு. வாங்கிக்கிட்டேன்."

"என்னத்துக்கு வாங்கினீங்க?"

"அவ்வளவு பெரிய மனுசங்க கவனிக்கோம்னு சொன்ன பொறவு, இல்ல, இப்பவே சொல்லுங்கன்னு ஒத்தைக் காலில் நிக்கதுக்கு நான் என்ன பிச்சைக்காரனா?"

எனக்கும் அது அப்போது நியாயமாகவே பட்டது. நானும் இதே ஊர்க்காரிதானே.

அந்த ஆடியில் காற்று வழக்கத்தைவிடப் பலமாக அடித்தது. கவனிப்பதாகச் சொன்னவர்கள் கவனிப்பதற்குள் கடைமடையில் பயிர் கருகிவிட்டது. அந்தப் பெண்மணி மறுபடியும் வந்தார். திட்டவில்லை. கருகின நாற்றில் ஒரு பிடியைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்துவிட்டு, "கேட்டியளா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அன்று முழுவதும் சாப்பிடவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட, அவர் அப்படி நிற்க வேண்டி வந்ததே என்கிற வருத்தம்தான் பெரிதாக இருந்தது.

நாகர்கோவில் மிஷன் பள்ளியில் என்னோடு ஏழாவது வரை படித்த தோழி ஒருத்தி அதே பள்ளியில் டீச்சராக இருந்தாள். மேற்கொண்டு படித்தவள், இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். உறுப்பினர்களுக்குக் கொடுத்திருந்த விதிப் புத்தகம் எங்கள் வீட்டில் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. அதை அவளிடம் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை வந்து, வரிவரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள்.

"இதப் பாரு. வாபஸ் வாங்கிட்டா அதையே திரும்ப ஒரு வருசத்துக்குக் கொண்டுவர முடியாது. வாங்கமாட்டேன்னு சொன்னா, தலைவர் ஓட்டுக்கு விட்டே ஆகணும். அவருக்குப் பிடிச்சாலும் சரி, பிடிக்கலேன்னாலும் சரி."

"விட்டே ஆகணுமா?"

"ஆகணும். இதுல எழுதியிருக்கு."

என் கணவர் புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நாஞ்சில் நாட்டு விவசாயி 'மாட்டேன்' என்றால் திவானே கேட்டாக வேண்டும் என்று ஒரு புத்தகத்தில் அச்சடித்து வைத்திருப்பதை அவரால் நம்ப முடியவில்லை.

அன்றைக்குத்தான் பத்தாயத்தில் ஏறினேன். நான் தலைவர், நானே அதிகாரி. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து பேச்சை எழுதிக்கொள்கிற ஆள். காளையின் கழுத்து மணி ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். இவர் எழுந்து தொண்டையைக் கனைத்து, மகாராஜாவின் நீண்ட ஆயுளில் தொடங்கினார். மணியை அடித்தேன்.

"இப்பந்தானே தொடங்கினேன்!"

"தண்ணியில தொடங்குங்க."

"எடுத்த எடுப்பிலயா? பட்டிக்காட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லட்டும்."

நாலைந்து சனிக்கிழமையில் வாழ்த்துகளைக் களையெடுத்துவிட்டோம். 'இல்லை' தான் வரவில்லை. நான் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "அரசாங்கம் அனுதாபத்தோடு கவனிக்கும். உறுப்பினர் வாபஸ் வாங்கிக்கொள்கிறாரா?" என்பேன். அடுத்த நொடியில் அவர் வாய், அவரைக் கேட்காமலே "வாங்கிக்கிடுதேன்" என்றுவிடும். டீச்சர் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். இவர் பாவம், நெற்றியில் அடித்துக்கொள்வார்.

உழவுக் காலம் வந்தது. ஒரு காலையில் அடுத்த வீட்டுக்காரர் வழக்கம்போல வந்து, எல்லாச் சுகமும் விசாரித்துவிட்டு, படியிறங்கும்போது காளைகளைக் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் பத்தாயத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"இல்ல. இன்னைக்கு எனக்கு உழவு இருக்கு" என்றார்.

கேட்டவர் திகைத்துப்போய் என் பக்கம் திரும்பினார். "மக்கா, இவருக்குக் காச்சல் கீச்சல் உண்டுமா?" என்றார்.

அடுத்த தை மாதக் கூட்டத்துக்கு நானும் டீச்சரும் போனோம். கடைமடைக்காரியையும் கூட்டிக்கொண்டோம். பஸ்ஸில் தக்கலை தாண்டுவதற்குள் எங்கள் மூவரின் உடம்பும் செம்மண் பூசிக்கொண்டது. பார்வையாளர் மாடிக்குச் சீட்டு வாங்கி ஏறினோம். பேசக் கூடாது, கை தட்டக் கூடாது என்று சேவகர் சொல்லிவிட்டுப் போனார். மேலே மின்சார விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கடைமடைக்காரி, "காத்துக்கு இங்கயும் பஞ்சமில்ல" என்று என் காதில் சொன்னார்.

கீழே வரிசையாகத் தலைப்பாகைகள். என் கணவரின் தலைப்பாகை மட்டும் சற்றுச் சாய்ந்திருந்தது. அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார்.

"கால்வாயில் தண்ணீர் தலைமடையிலிருந்து கடைமடைக்குப் போகிறது. முறையும் அப்படியே போகிறது. கன்னிப்பூவுக்கு அந்த முறையைத் திருப்ப வேண்டும். ஆடியில் முதல் பத்து நாள் தண்ணீரைத் தலைமடையில் திறக்காமல் கடைமடைக்கு விட வேண்டும். கேட்பது இவ்வளவுதான்."

பத்தாயத்துக்கு முன்னால் பழகினது அதுவரைதான். உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். உட்காரவில்லை.

"என்னுடைய வயல் தலைமடையில் இருக்கிறது. என் வீட்டுக்காரியின் வயலும் அங்கேதான். அவை கடைசியில் குடிக்கட்டும். அதை யோசித்துவிட்டுத்தான் கேட்கிறேன்."

என்னோடு கலந்து யோசித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மாடியில் இருந்து கத்த முடியாத கோபம் ஒரு பக்கம். அந்தச் சபையில் எழுந்து தன் வயலையே பணயமாக வைத்த மனிதரைப் பார்த்து வந்த பெருமை மறுபக்கம். என் வயலையும் சேர்த்து வைத்துவிட்டாரே என்பதுதான் உறுத்தியது.

அதிகாரி எழுந்தார். நான் பத்தாயத்தில் சொன்ன வார்த்தைகளையே ஏறக்குறைய சொன்னார். தலைவர் கேட்டார், வாபஸ் வாங்குகிறீர்களா என்று. சபை அடுத்த விஷயத்துக்கான காகிதத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டது.

"இல்லை. ஓட்டுக்கு விட வேண்டும்" என்றார் என் கணவர். கொஞ்சம் பொறுத்து, தாங்க முடியாமல், "மன்னிக்கணும்" என்றும் சேர்த்துக்கொண்டார். சபை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவருக்கு நல்லதே செய்தது என்று இன்றும் நினைக்கிறேன். அதிகாரிகள் எதிராக நின்றார்கள். வடக்கே இருந்து வந்த உறுப்பினர்களுக்கு எங்கள் கால்வாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எந்த ஊர்க் கால்வாய்க்கும் ஒரு கடைசி உண்டு அல்லவா? அவர்களில் பலர் இவர் பக்கம் நின்றார்கள். சொற்ப ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது. கடைமடைக்காரி சத்தம் போட்டுவிடாமல் இருக்க டீச்சர் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுதது என்னவோ டீச்சர்தான்.

சபையின் தீர்மானம் சிபாரிசு மட்டும்தான். அரசாங்கம் ஏற்றுக்கொள்ளாமலும் விடலாம். ஏற்றுக்கொண்டது. கன்னிப்பூ நடவுக்கு முன்னால் உத்தரவு வந்து, மடைக்காரரிடம் முறைச் சீட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் தெருவில் எங்களோடு பேசுகிறவர்கள் குறைந்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் காளை கேட்பதை அடியோடு நிறுத்திக்கொண்டார். அது ஒரு லாபம்.

ஆடி பிறந்தது. மூடிய எங்கள் மடையைத் தாண்டித் தண்ணீர் நுரைத்துக்கொண்டு தெற்கே போனது. எங்கள் வயலில் மண் வெடிக்கத் தொடங்கியது. ஐந்தாம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. மாங்காய்ப் புளிசேரியும் அவியலும் வைத்தேன். சாப்பிட்டு முடியும்வரை ஊர்க் கதையெல்லாம் பேசினேன். அவர் கை கழுவிவிட்டு வந்து என்னைப் பார்த்தார்.

"என்ன காரியம்? நேரா சொல்லு."

"மடைக்காரர்ட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். ஒரு நாழிகை திறந்தா நம்ம பயிர் தப்பிச்சிரும். மெம்பர் சொன்னா அவரு மாட்டேன்னா சொல்லுவாரு?"

"சொல்ல மாட்டாரு. அதுனாலதான் நான் கேக்கமாட்டேன்" என்றார்.

இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் வண்டி பூட்டச் சொல்லிக் கடைமடைக்குப் போனேன். சண்டை போடப் போனேனா, பார்க்கப் போனேனா என்று எனக்கே தெரியாது. முழங்கால் சேற்றில் நின்று களை பறித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்மணி என்னைக் கண்டதும் கையிலிருந்த களையை வீசிவிட்டு, "மக்கா, பாத்தியா! பாத்தியா!" என்று கூவினார். ஆரல்வாய்மொழிக் காற்றில் வயல் முழுவதும் பச்சையாக அலையடித்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்டால் அன்று சொல்லியிருக்க முடியாது. இன்று சந்தோஷம்தான் என்று சொல்வேன். அங்கேயே கஞ்சி குடித்துவிட்டு வந்து, வீட்டில் அவரோடு பேசத் தொடங்கினேன். எங்களுக்கு அந்தப் பூவில் விளைச்சல் பாதிதான் கண்டது. பட்டினி கிடக்கவில்லை.

தவணை முடிந்து மறுபடியும் எலக்‌ஷன் வந்தது. கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடைமடையில் சின்னச் சின்ன வயல், வரி குறைவு, ஓட்டு உள்ளவர்கள் பத்து வீட்டுக்கு ஒருவர். தலைமடையில் வீட்டுக்கு இரண்டு ஓட்டு. தண்ணீர் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு ஓட்டு இல்லை என்று டீச்சர் சொன்னாள். அதையும் ஒரு நாள் சபையில் பேச வேண்டும் என்றாள். இவர் வீடு வீடாகப் போய் நேராகக் கேட்டார். "தண்ணி முறையை மாத்த மாட்டேன். அதுக்கும் சம்மதம்னா ஓட்டுப் போடுங்க" என்று ஓட்டுக் கேட்ட ஆள் எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான் இருப்பார்.

எல்லா வீட்டுக்கும் போய் முடித்து, ஓட்டுக்கு முதல் நாள் காலையில் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"உனக்கும் ஓட்டு உண்டுல்லா. உன் வயலையும் கேக்காம பேசிட்டேன், அது தப்புதான். ஆனா முறையை மாத்தமாட்டேன். எனக்குப் போடுவியா?"

"கவனிப்போம்" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் எங்கள் தெருப் பெண்களோடு வரிசையில் நின்றேன். எல்லாரும் தலைமடைக்காரிகள். எனக்கு முன்னால் நின்றவள் திரும்பி, "உனக்கும் வயல் இருக்குல்லா மக்கா. யோசிச்சுப் போடு" என்றாள். உள்ளே போய்ச் சீட்டைக் கையில் வாங்கினதும் என் வெடித்த வயல் கண்ணில் வந்தது உண்மை. அதில் பொய் சொல்லமாட்டேன். யோசித்துத்தான் போட்டேன்.

அவர் தோற்றார். முறை மாறவில்லை, கடைமடை முதலில் குடித்துக்கொண்டே இருந்தது. எண்ணிக்கை நடந்த இடத்திலிருந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தவர், கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். எங்கள் ஊர்ப் பெட்டியில் அவருக்கு எத்தனை விழுந்தது என்று கேட்டேன்.

"ரெண்டு" என்றார். "ஒண்ணு என்னோடது."

அவ்வளவு சந்தோஷமான முகத்தை அவர் ஜெயித்த அன்றுகூட நான் பார்த்ததில்லை.